சின்ன வயதில் இதய ஆபரேஷன்... 20 வருடம் கழித்து வால்வு லீக் ஆவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி. மலைக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறோம். என் மகளுக்கு இப்போது 22 வயது. பிறந்ததில் இருந்தே அழுதால் உதடும் நகமும் நீலமாகும். 3 வயதில் இதயத்தில் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். நீலம் போய்விட்டது. நன்றாக வளர்ந்தாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு செக்கப்புக்குக் கூட்டிப்போகவில்லை. இப்போது நாமக்கல்லில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்துப் பார்த்தபோது, "வால்வு லீக் அதிகமாக இருக்கிறது, வால்வு மாற்ற வேண்டியிருக்கலாம்" என்கிறார்கள். அப்படியென்றால் அன்றைக்குச் செய்த ஆபரேஷன் சரியில்லையா? வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணம் செய்யலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லவேண்டுமா?

*- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரவள்ளி*

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. வால்வு லீக் ஆவதை வைத்து, அன்றைக்குச் செய்த ஆபரேஷன் தப்பு என்று சொல்ல முடியாது. உங்கள் மகள் இன்று வேலைக்குப் போய் வருவதற்கே அந்த ஆபரேஷன்தான் காரணம். ஆனால், அது இதயத்தைப் பழுது பார்த்த ஆபரேஷன். புது இதயம் கொடுத்த ஆபரேஷன் இல்லை. பழுது பார்த்த எதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் ஊரில் விட்டுப்போவது அந்த ஒன்றுதான்.

நீலக் குழந்தைக்கு என்ன செய்தார்கள்?

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்ற பிறவிக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 1888-ல் பிரான்ஸின் மார்செய் நகரத்து டாக்டர் ஃபாலோ இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

இதில் நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு. உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி, தன் இடத்தில் இல்லாமல் ஓட்டையின் மேலே ஏறி உட்கார்ந்திருப்பது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது கீழறை தடித்துப்போவது. நுரையீரலுக்குப் போகவேண்டிய கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக நல்ல ரத்தத்தோடு கலந்துவிடுவதால்தான் குழந்தை நீலமாகிறது.

இதைத் திறந்து சரிசெய்யும் ஆபரேஷனை 1954-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டாக்டர் லில்லஹெய் முதன்முதலில் செய்தார். அப்போது அவர் இதய-நுரையீரல் மெஷினைப் பயன்படுத்தவில்லை. பக்கத்து மேஜையில் ஓர் ஆளைப் படுக்கவைத்து, அவருடைய இதயமும் நுரையீரலும் குழந்தைக்கும் சேர்த்து வேலை செய்யும்படி குழாய்களால் இணைத்துச் செய்தார்கள். அங்கிருந்து தொடங்கிய சிகிச்சை இன்று தமிழ்நாட்டில் காப்பீட்டுத் திட்டத்திலேயே கிடைக்கிறது.

ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வேலைகள். ஓட்டையை ஒட்டுத் துணி வைத்து அடைப்பது ஒன்று. நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை அகலப்படுத்துவது இன்னொன்று. பல குழந்தைகளுக்குக் குறுகல் வால்விலும் அதைச் சுற்றியுள்ள வளையத்திலுமே இருக்கும். அப்போது வளையத்தையே வெட்டி, ஒட்டுப் போட்டு அகலமாக்க வேண்டும். வழி திறந்துவிடும். ஆனால் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூட முடியாது.

வாசல் சின்னதாக இருக்கிறது என்று நிலையை இடித்துப் பெரிதாக்கிவிட்டு, பழைய கதவையே மாட்டினால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். உள்ளே போக வழி கிடைத்தது, கதவு மட்டும் சாத்தாது.

இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை?

வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. வால்வு சாத்தாததால் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. லீக் அதிகமாக இருந்தால் தள்ளிய ரத்தத்தில் ஏறக்குறைய பாதிகூட திரும்பும். அதையும் சேர்த்துத் தள்ளுவதற்காக அந்த அறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. குழந்தையாக, பள்ளி மாணவியாக இருக்கும்வரை அது ஈடுகொடுக்கும். பத்து, இருபது வருடம் சத்தமே இல்லாமல் ஓடிவிடும்.

ஆரம்ப காலத்தில் மருத்துவ உலகமே இந்த லீக்கைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் 20, 30 வயதுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூச்சு வாங்குதல், படபடப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, சிலருக்குத் திடீர் மயக்கம், மிகச் சிலருக்குத் திடீர் மரணம்கூட. அதனால்தான் "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது என்கிறோம். நன்றாக இருக்கும்போது செய்யும் செக்கப்தான் இங்கே காப்பாற்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்ததில் இருந்தே ஓரளவு களைப்போடு வளர்ந்தவர்களுக்கு, அந்தக் களைப்புதான் இயல்பு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். மலைப்பக்கத்தில் இது இன்னும் மறைந்துபோகும். மேடு ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

அதனால் மற்றவர்களோடு ஒப்பிடாமல், போன வருடத்து தன்னோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். போன ஆடிப்பெருக்கில் ஏறி வரும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தவள், இந்த ஆடியில் ஏழு இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது வயதும் இல்லை, சோம்பலும் இல்லை. பரிசோதித்துப் பார்ப்பதற்காக இப்போது ஏறச் சொல்லிவிடாதீர்கள். பழைய நினைவை மட்டும் கேளுங்கள்.

இனி என்ன பரிசோதனை?

எக்கோ முதல் படிதான். வலது கீழறையின் அளவை எக்கோவில் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்கு இதய எம்.ஆர்.ஐ. வேண்டும். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி உள்ளே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது பொதுவாக எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லி ரத்தம் என்று கணக்கிட்டு அறையின் அளவைச் சொல்வார்கள். நன்றாக விரிந்த நிலையில் அது 160 மில்லியைத் தொட்டால், வால்வு மாற்றுவதைப் பற்றி டாக்டர்கள் தீவிரமாக யோசிப்பார்கள். இதனுடன் இ.சி.ஜி., 24 மணி நேர ஹோல்டர், டிரெட்மில் போன்ற பரிசோதனைகளும் சேரும். இ.சி.ஜி.யில் 'க்யூ.ஆர்.எஸ்.' என்ற அலையின் அகலம் 180 மில்லி செகண்டைத் தாண்டினால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

எந்த ஓர் எண்ணும் தனியாக முடிவு செய்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நேரம் குறிப்பார்கள். சீக்கிரமே மாற்றினால், புது வால்வு சீக்கிரமே தேய்ந்து வாழ்நாளில் ஒரு தடவை கூடுதலாக மாற்ற வேண்டிவரும். ரொம்பத் தள்ளிப்போட்டால், பெரிதான அறை பழைய அளவுக்குச் சுருங்கவே சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான காலம் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான் வருடாவருடம் பார்ப்பது.

மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டுமா?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆபரேஷன் செய்து மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆன வால்வை வைப்பது. இந்த இடத்தில் திசு வால்வு பெரும்பாலும் 10 முதல் 15 வருடம் உழைக்கும்.

இன்னொன்று, தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகவே வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்துவது. 2000-ல் பாரீஸில் டாக்டர் பிலிப் போன்ஹோஃபர் 12 வயதுச் சிறுவனுக்கு இப்படி முதன்முதலில் செய்தார். மாட்டின் கழுத்து ரத்தக்குழாயில் இயற்கையாகவே இருக்கும் வால்வை எடுத்து, கம்பி வலைக்குள் தைத்துச் சுருக்கி, உள்ளே கொண்டுபோய் விரித்தார்கள்.

ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒட்டுப் போட்டு அகலப்படுத்திய வழி சிலருக்கு மிகப் பெரியதாக இருக்கும். அதற்கென்று தானாக விரியும் பெரிய வால்வுகள் பின்னால் வந்தன. அப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. சி.டி. ஸ்கேனில் அளவெடுத்து, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாயை வால்வு அழுத்துமா என்றும் பார்த்த பிறகே ஆம், இல்லை என்று சொல்வார்கள். விலையும் அதிகம். "தொடை வழியாக முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். முடியாது என்றால் ஆபரேஷனுக்குப் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள்.

உலோக வால்வு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ பேருக்கு அது வாழ்வு கொடுத்தது. அது இதயத்தின் இடது பக்கத்து வால்வுகளுக்கானது. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். நாட்டு மருந்து, கஷாயம், முடவாட்டுக்கால் கிழங்கு சூப் என்று எதைத் தொடர்ந்து எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வால்வு லீக்கை அடைக்கும் மூலிகை எதுவும் இல்லை.

வேறு ஆபரேஷன் செய்தவர்களுக்கு?

இதே பிரச்னை வேறு உருவத்திலும் வரும்.

- மேலறை, கீழறை இரண்டுக்கும் பொதுவான பெரிய ஓட்டையை அடைத்தவர்களுக்கு, இடது பக்க வால்வு பின்னாளில் லீக் ஆகலாம்.
- சிறுவயதில் மகாதமனி வால்வின் அடைப்பைத் திறந்தவர்களுக்கு, அதே வால்வு லீக் ஆகலாம், மறுபடி சுருங்கவும் செய்யலாம்.
- மகாதமனியின் குறுகலைச் சரிசெய்தவர்களில் பலருக்கு, மூன்று இதழ் இருக்கவேண்டிய வால்வில் இரண்டு இதழே இருக்கும். அதைக் கண்காணிக்க வேண்டும்.
- இடம் மாறிப் பிறந்த பெரிய ரத்தக்குழாய்களை மாற்றிவைத்த குழந்தைகளுக்கு, மகாதமனியின் வாயில் உள்ள வால்வு மெல்ல லீக் ஆகலாம்.

மேலறை ஓட்டையை மட்டும் குழந்தைப் பருவத்திலேயே அடைத்தவர்கள் பெரும்பாலும் பயமின்றி இருக்கலாம். ஆனாலும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம், குழந்தை?

வால்வு லீக் இருப்பதாலேயே கல்யாணம் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். வரிசை மட்டும் முக்கியம். முதலில் பரிசோதனை, வால்வு மாற்ற வேண்டுமென்றால் அது, பிறகு கர்ப்பம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். ஏற்கெனவே விரிந்த அறைக்கு அந்தச் சுமை திடீரென்று வரக்கூடாது.

எந்த வால்வு என்று முடிவு செய்யும்போதே, "குழந்தை பெற விரும்புகிறேன்" என்று உங்கள் மகள் சொல்லிவிட வேண்டும். உலோக வால்வுக்கான வார்ஃபரின் வகை மாத்திரை, கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. கருத்தடை மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்கிவிடக் கூடாது. சில வகைகள் ரத்தக்கட்டியை உண்டாக்கும்.

குழந்தைக்கும் இதயக் குறை வருமா? பொதுவாக ஆயிரம் குழந்தைகளில் 8, 9 பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும். தாய்க்கு இருந்தால் அது நூற்றில் 3 முதல் 5 ஆக உயரும். அதாவது, நூற்றில் 95 குழந்தைகளாவது நல்ல இதயத்தோடுதான் பிறக்கும். சிலருக்கு மட்டும் 22-வது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். அப்படி இருந்தால் குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் குறை போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே தனியாக ஸ்கேன் எடுக்கலாம். பிரசவத்தை இதயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியுமா? பயப்படுவாள் என்று பெற்றோரே விஷயத்தை வைத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். அவள் வளர்ந்த பெண். டாக்டர் அறைக்குள் அவளே உட்கார்ந்து, அவளே கேட்கட்டும். யாரிடம், எப்போது சொல்வது என்ற முடிவும் அவளுடையதாக இருக்கட்டும்.

என் கருத்தைக் கேட்டால், சொல்லிவிடுவதுதான் நல்லது. நெஞ்சின் நடுவே இருக்கும் தழும்பைக் கல்யாணத்துக்குப் பிறகு மறைக்க முடியாது. அதைவிட முக்கியம், மறைத்துவைத்தால் செக்கப்புக்கும் ஒளிந்து போக வேண்டியிருக்கும். கடைசியில் போகாமலே விட்டுவிடுவார்கள். சொல்லும்போது வெறும் வாய்வார்த்தையாக இல்லாமல், சிகிச்சை முடிந்த பிறகு டாக்டர் எழுதித் தரும் கடிதத்தோடு சொன்னால் வீண் பயம் குறையும்.

18 வயதில் அறுந்துபோகும் கயிறு

பத்தாம் வகுப்புக்குப் பிறகு போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2013-ல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம்' என்ற அரசுத் திட்டத்தில், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அது 18 வயதுவரைதான். அதன் பிறகு தேடி வந்து பார்க்க யாரும் இல்லை. குழந்தை டாக்டர் "நீ பெரியவளாகிவிட்டாய்" என்பார். பெரியவர்களைப் பார்க்கும் இதய டாக்டர்களில் பலர் தினமும் பார்ப்பது மாரடைப்பு நோயாளிகளை. நடுவில் நிற்பவர்கள் உங்கள் மகளைப் போன்றவர்கள்தான். கூடவே பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கடையை மூடும் நஷ்டம்.

அதனால் மருத்துவமனையில், "பிறவி இதயக் குறையோடு வளர்ந்த பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். முதலில் நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று பரிந்துரைக் கடிதம் வாங்கலாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை வால்வுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

- பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பெயர், வருடம் சொல்லிக் கேளுங்கள். வால்வு வளையத்தை வெட்டி ஒட்டுப் போட்டார்களா என்பது அதில்தான் இருக்கும்.
- எல்லாச் சீட்டையும் போனில் படம் எடுத்து, மகளின் போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள்.
- இரண்டு வேளை பல் துலக்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லில் இருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறலாம். பல் பிடுங்கும் முன், இதய ஆபரேஷன் ஆனவள் என்று பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். செயற்கை வால்வு வைத்த பிறகு, அதற்கு முன்பாக ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படும்.
- காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலில் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமியைப் பிடிப்பது கஷ்டம்.
- மயக்கம் போட்டு விழுந்தாலோ, படபடப்பு நிற்காமல் அடித்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கால் வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.
- அதுவரை மகள் வேலைக்குப் போகலாம், சமதளத்தில் மெதுவாக நடக்கலாம். கனமான மூட்டை, குடம் தூக்குவதும் மூச்சு முட்ட மேடு ஏறுவதும் வேண்டாம்.

சிகிச்சை முடிந்ததும் அடுத்த வருடச் செக்கப் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மகள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்த ஃபைலும் அவளோடு போகட்டும்.